கிளட்ச் லோயர் சிலிண்டர்: பெடலை வைத்தே பழுதைப் பிடிப்பது

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் பல வீடுகளில் கார் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வந்தால்தான் பின்தெருக் கதவைத் திறந்து வண்டியை எடுப்பார்கள். பேட்டரி இறங்கியிருக்கும் என்று ஜம்பர் வயரை எடுத்து வைத்திருப்பார்கள். எஞ்சினும் ஓடத் தொடங்கிவிடும். ஆனால் கிளட்ச் பெடல் மிதித்த இடத்திலேயே தரையோடு படுத்துக்கொள்ளும்.

இந்த வண்டிகளில் கிளட்சை இயக்குவதும் பிரேக் ஆயில்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஆயில் தொட்டியின் மூடி வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் உள்ளே போகும் ஈரம், லைனிலேயே தாழ்வான இடமான லோயர் சிலிண்டரில் போய்ச் சேரும். அங்கே உள்சுவரில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். ஆயில் கசியாமல் தடுக்க உள்ளே இருக்கும் ரப்பர் கப், மாதக்கணக்கில் அசையாமல் கிடந்து, அந்தத் துருவோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு முதல் மிதியிலேயே கப்பின் உதடு கிழியும். (உலோக அரிப்பை ஆராயும் சிக்ரி 1953இலிருந்து காரைக்குடியில்தான் இருக்கிறது. நம் கார் கொட்டகைகளுக்கு அதனால் சலுகை எதுவும் இல்லை.)

இங்கே சொல்வது இன்னோவா, குவாலிஸ் மாதிரி கியர் பாக்ஸின் வெளிப்பக்கத்தில் லோயர் சிலிண்டர் போல்ட் போட்டு நிற்கும் வண்டிகளுக்கு. மாருதி 800 போன்றவற்றில் கிளட்ச் கேபிள். அவற்றுக்கு இது பொருந்தாது. சில வண்டிகளில் லோயர் சிலிண்டரே ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து பெல் ஹவுசிங்குக்குள் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) இருக்கும். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறோம். பெடலுக்கு முன்னால் ஃபயர்வாலில் (எஞ்சினையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகடு) இருந்து ஆயிலைத் தள்ளுவது அப்பர் சிலிண்டர், அந்த ஆயிலின் அழுத்தத்தால் கீழே கிளட்சை விடுவிக்கும் ஃபோர்க் என்ற நெம்பைத் தள்ளுவது லோயர். கடையில் கேட்கும்போதும் இதே பெயர்கள்தான்.

எதைக் கழற்றும் முன்னும்: ஸ்கேலை எடுங்கள்

ஷெட்டில் பெரும்பாலும் நடப்பது, பெடலை இரண்டு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு “லோயர் போச்சு” என்று முடிவு கட்டுவது. அது பாதி நேரம் சரி, பாதி நேரம் வீண் செலவு. லோயரின் புஷ்ராட் (ஃபோர்க்கைத் தள்ளும் கம்பி) எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று அளந்தால், கோளாறு ஆயில் லைனிலா, கிளட்சுக்குள்ளா என்பது அங்கேயே பிரிந்துவிடும்.

எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக் போடுங்கள். கீழே படுக்க வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுங்கள். ஃபோர்க்கின் நுனிக்குப் பக்கத்தில் 15 செ.மீ. இரும்பு ஸ்கேலைப் பிடித்து, ஒருவரைப் பெடலை முழுசாக மிதிக்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு நகர வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே எடுக்கலாம். சிலிண்டர் உடம்பில் போர் அளவு, அதாவது உள்துளையின் விட்டம், பெரும்பாலும் வார்ப்பிலேயே எழுதியிருக்கும். அப்பர் 5/8 அங்குலம், அதாவது 15.87 மி.மீ.; லோயர் 3/4 அங்குலம், 19.05 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவில் லோயர் 1.44 மடங்கு பெரிது. ஆகவே அப்பர் 10 மி.மீ. தள்ளினால் லோயர் கிட்டத்தட்ட 7 மி.மீ.தான் நகரும். பெடல் 140 மி.மீ. இறங்கி, பெடலின் நெம்பு விகிதம் 5க்கு 1 என்றால், அப்பரில் 28 மி.மீ., லோயரில் 19 மி.மீ.க்குச் சற்று மேல். ஃப்ரீ பிளேக்கும் (பெடலின் வெற்று ஆட்டம்), தொட்டிக்குத் திரும்பும் அப்பரின் துளை மூடுவதற்கும் கொஞ்சம் கழித்தால் 17, 18 வர வேண்டும்.

இதே சிலிண்டரில் வெறும் 1 மி.லி. காற்று இருந்தால் லோயர் நகர்வில் ஏறக்குறைய 3.5 மி.மீ. போய்விடும். 1 மி.லி. என்பது கால் தேக்கரண்டிக்கும் குறைவு. கியர் விழாமல் போக அதுவே போதும்.

கணக்குக்கு வந்த அளவு நகர்ந்தும் கிளட்ச் விடவில்லை என்றால், லோயரைத் தொடாதீர்கள். கோளாறு பெல் ஹவுசிங்குக்குள்.

பெடல் தரையோடு போகிறது, திரும்பி எழவில்லை

முதலில் ஆயில் தொட்டியைப் பாருங்கள். பல வண்டிகளில் கிளட்சுக்குத் தனித் தொட்டி கிடையாது. பிரேக் தொட்டியின் பக்கவாட்டிலிருந்து ஒரு ரப்பர் குழாய் அப்பருக்கு வரும். அந்தக் குழாய் உயரத்தில் இருப்பதால், ஆயில் குறைந்தால் முதலில் கிளட்ச்தான் காற்று வாங்கும். பிரேக் அப்போதும் பிடிக்கும். “பிரேக் நல்லாத்தானே இருக்கு, ஆயில் எப்படிக் குறையும்” என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்து லோயரின் முனையிலுள்ள ரப்பர் உறையை (பூட்) பின்னுக்கு மடக்குங்கள். உள்ளே லேசான கசிவு ஈரம் மன்னிக்கத்தக்கது. சொட்டினால் கப் போய்விட்டது. சரளைச் சாலையில் ஓடும் வண்டியில் பூட் கிழிந்திருந்தால், செம்மண் ஆயிலோடு குழைந்து அரைத்த மாவு மாதிரி உள்ளே இருக்கும். அதுதான் போரைத் தேய்க்கிறது. நின்ற வண்டி என்றால் எலி கடித்த தடமும் தேடுங்கள்.

லோயர் காய்ந்திருந்தால், காருக்குள் பெடல் கம்பி ஃபயர்வாலுக்குள் நுழையும் இடத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். அங்கே ஈரம் என்றால் அப்பர் பின்பக்கம் கசிகிறது. மிதியடிக்குக் கீழே பெயின்ட் உப்பி உரிந்திருப்பதும் அதே கதைதான்.

கீழே சொட்டியது எந்த ஆயில் என்று சந்தேகமா? ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் தண்ணீரோடு கரைந்துவிடும். எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் மேலே மிதக்கும்.

இரண்டு மூன்று தடவை அடித்தால் கியர் விழுகிறது

காற்று. மிதிக்க மிதிக்கப் பெடல் உயர்ந்து வந்தால் வேறு காரணம் தேடவே வேண்டாம். ஆனால் காற்று தானாக உள்ளே போகாது. எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது தொட்டி ஒருமுறை வற்றியிருக்கிறது. ஏர் மட்டும் எடுத்து அனுப்பினால் பத்து நாளில் திரும்பி வரும்.

சிக்னலில் மிதித்துப் பிடித்திருக்கும்போது வண்டி மெதுவாக ஊர்கிறது

வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இருக்காது, தொட்டியிலும் அளவு குறையாது. அப்பரின் முன் கப் தேய்ந்து, அழுத்தம் கப்பைத் தாண்டித் தொட்டிக்கே திரும்புகிறது. ஒருவர் பெடலை மிதித்து ஒரு நிமிடம் பிடிக்கட்டும். நீங்கள் ஸ்கேலில் லோயர் புஷ்ராடைப் பாருங்கள். அது மெல்லப் பின்வாங்கினால், வெளியே கசிவும் இல்லையென்றால், குற்றவாளி அப்பர். இதற்கு லோயரை மாற்றுவது வீண்.

ஹோஸை எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால் இன்னொரு சோதனை: வழவழப்பான தாடையுள்ள கிளாம்ப் கொண்டு ஹோஸை இறுக்கிவிட்டு மிதியுங்கள். பெடல் கல் மாதிரி நின்றால் பழுது கீழே. அப்போதும் இறங்கினால் மேலே. கட்டிங் பிளையரால் நெரிக்காதீர்கள்.

பெடல் கெட்டியாக இருக்கிறது, ஆனால் ரிவர்ஸ் கரகரக்கிறது

எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, பெடலை முழுசாக மிதித்து ஐந்து எண்ணி, ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான கியர் பெட்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமன் செய்யும் வளையம்) கிடையாது. கிளட்ச் முழுசாக விடவில்லை என்பதை அதுதான் முதலில் சொல்லும்.

புஷ்ராட் நகர்வு குறைவு என்றால், பெடலின் பின் ஓட்டை முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறதா, மிதிக்கும்போது அப்பரோடு ஃபயர்வால் தகடே அசைகிறதா, ஹோஸ் கைக்குள் உப்புகிறதா என்று பாருங்கள். ஹோஸைப் பிடித்துக்கொண்டு மிதிக்கச் சொன்னால் உப்பல் விரலுக்கே தெரியும்.

நகர்வு முழுசாக இருந்தும் கியர் விழவில்லை, வண்டி பல மாதம் நின்றது என்றால், நம் பக்கத்தில் நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். கிளட்ச் பிளேட், எஞ்சினோடு சுற்றும் ஃபிளைவீலோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். லோயர் தன் வேலையைச் செய்கிறது, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டும் விலகுகிறது, பிளேட் மட்டும் விடவில்லை. முதலில் எஞ்சினை நியூட்ரலில் நன்றாகச் சூடேற்றி நிறுத்துங்கள். ஆளில்லாத பொட்டலில், எதிரே சுவர் எதுவும் இல்லாத இடத்தில், இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி உடனே நகரும். அதற்குத் தயாராக இருக்க வேண்டும். கிளட்சை விடாமல் ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தும் எடுத்தும் ஓட்டினால் பெரும்பாலும் ‘டக்’கென்று விட்டுவிடும். ஸ்டார்ட்டரின் பலம் பத்தவில்லை, நாலைந்து முறையிலும் விடவில்லை என்றால் பெட்டியை இறக்குவதுதான் வழி. பின்தெருக் கொட்டகைக்குள் இதைச் செய்யவே கூடாது.

ஊருணிக் கரை ஏற்றத்தில் எஞ்சின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை

இது கிளட்ச் ஸ்லிப். பிளேட் தேய்ந்திருக்கலாம்; ஆனால் பெட்டியை இறக்குவதற்கு முன் ஒரு நிமிட வேலை உண்டு. ஸ்லிப் ஆகும் நிலையிலேயே நிறுத்தி, லோயரின் பிளீடர் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் திருகு) அரைச் சுற்றுத் திறங்கள். ஆயில் சீறி வந்து, அதன்பின் கிளட்ச் பிடித்தால், பிளேட்டில் குறையில்லை. லைனில் அழுத்தம் சிக்கிக்கொண்டு, யாரோ பெடலில் கால் வைத்தே இருப்பது மாதிரி கிளட்சைப் பாதி திறந்து வைத்திருக்கிறது.

காரணம் மூன்றில் ஒன்று. பெடல் கம்பியை அதிகமாக நீட்டி ஃப்ரீ பிளேயே இல்லாமல் செய்திருப்பார்கள். அப்போது அப்பரின் திரும்பு துளை திறக்காது, வெயிலில் ஆயில் சூடேறி விரிந்ததும் போக வழியில்லை. அல்லது ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி ஒருவழிப் பாதையாகியிருக்கும். மூன்றாவது மோசமானது: தொட்டியில் யாரோ எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றியிருப்பார்கள். மினரல் ஆயில் பட்டால் பிரேக் ரப்பர் வீங்கும். தொட்டி மூடியின் ரப்பர் டயஃப்ரம் வளைந்து, அளவு பெரிதாகி, திரும்பப் பொருந்தாமல் இருந்தால் அதுவே சாட்சி. அப்படியானால் அப்பர், லோயர், ஹோஸ், மூடி ரப்பர் எல்லாமே மாற வேண்டும். பிரேக்கோடு தொட்டி பொது என்றால் பிரேக் ரப்பர்களும் சேர்த்துத்தான். கழுவி ஊற்றினால் போதும் என்பவரை நம்பாதீர்கள்.

புது கிளட்ச் செட் போட்ட பத்து நாளில் லோயர் கசிகிறது

மெக்கானிக் ஏதோ கெடுத்துவிட்டார் என்று சண்டை வரும் இடம் இது. உண்மையில் பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட்டின் விரல்கள் பேரிங்கைப் பின்னுக்குத் தள்ளும். அதனால் லோயர் பிஸ்டன் வருடக்கணக்கில் போரின் ஆழத்திலேயே ஓடும். புது பிளேட் போட்டதும் பிஸ்டன் வாய்ப்பக்கம் நகர்ந்து உட்காரும். அங்கே இத்தனை நாள் தொடாத துருவும் அழுக்கும் கப்பைக் கிழிக்கும். கிளட்ச் செட் மாற்றும்போதே லோயரையும் மாற்றிவிடுவது நல்லது, குறிப்பாக நின்று நின்று ஓடும் வண்டியில்.

கழற்றி மாட்டுவது

ரப்பர்களை மட்டும் மாற்றும் ரிப்பேர் கிட்டா, புது லோயரா? போரைத் துடைத்து, விரல் நகத்தை உள்ளே ஓட்டுங்கள். நகம் எங்கும் தடுக்கவில்லை என்றால் கிட் போடலாம். குழி தட்டினால் புது லோயர்தான். அலுமினிய போரை எமரி போட்டுத் தேய்க்காதீர்கள். மேலுள்ள கெட்டிப் பூச்சு போய்விட்டால் ரப்பர் சீக்கிரம் தேயும். கிட் போடும்போது கப்பின் உதடு ஆயில் பக்கம் பார்க்க வேண்டும். சுத்தம் செய்யப் பெட்ரோலும் டீசலும் வேண்டாம். புது பிரேக் ஆயிலே போதும்.

பைப் நட்டுக்கு சாதா ஸ்பானர் போட்டால் முனை மழுங்கும். ஃபிளேர் நட் ஸ்பானர்தான் சரி. பைப்பை லோயர் போல்ட் இறுக்கமாக இருக்கும்போதே தளர்த்துங்கள், பிறகு போல்ட்டை எடுங்கள். பேஞ்ஜோ போல்ட் (நடுவில் ஆயில் போகும் துளையுள்ள போல்ட்) என்றால் இரண்டு செப்பு வாஷரும் புதிது. லோயர் வெளியே இருக்கும்போது யாரும் பெடலைத் தொடக்கூடாது. பிஸ்டன் வெளியே பாய்ந்துவிடும். பெடல் அடியில் ஒரு கட்டையைச் செருகிவிடுவது உத்தமம்.

புது லோயரை வாங்கியதும் பழையதோடு மூன்றை ஒப்பிடுங்கள்: போர் எண், புஷ்ராட் நீளம், பிளீடர் நிற்கும் பக்கம். போர் பெரிதானால் பெடல் மெத்தென்று இருக்கும், ஆனால் நகர்வு குறைந்து கியர் கரகரக்கும். சிறிதானால் பெடல் கல்லாகும்.

ஃபோர்க்கில் புஷ்ராட் உட்காரும் இடம் பணியாரச் சட்டியின் குழி மாதிரி இருக்கும். அதில் உளுந்து அளவு கிரீஸ் வைத்து, ராட் நுனி குழியிலேயே உட்கார்ந்ததா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குழியை விட்டு ஓரத்தில் உட்கார்ந்தால் முதல் மிதியிலேயே பூட் கிழியும். போல்ட்டுகளைக் கையாலேயே முழு மரையும் ஏற்றிவிட்டு, வண்டி மேனுவலில் சொன்ன இறுக்கம் கொடுங்கள். பிளீடருக்கு 8 முதல் 11 நியூட்டன் மீட்டர் தாராளம்; அதற்கு மேல் போனால் கழுத்து ஒடியும்.

ஏர் எடுப்பது

மூடியில் எழுதியிருக்கும் தரத்தையே ஊற்றுங்கள். புது டாட் 3க்குக் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4க்கு 230. ஈரம் ஏறியதும் அது 140, 155 என்று இறங்கும். போன வருடம் திறந்து அலமாரியில் வைத்த பாதி பாட்டில் கணக்கில் இல்லை, தூக்கிப் போடுங்கள். டாட் 5 சிலிக்கோன். மற்றதோடு கலக்கக் கூடாது. ஏர் மட்டும் எடுக்க 250 மி.லி., பழையதை முழுசாக வெளியேற்ற 500 மி.லி. வைத்துக்கொள்ளுங்கள். பெயின்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பிளீடரில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலுக்குள் மூழ்க விடுங்கள். டியூப் முதலில் மேலே ஏறிப் பிறகு இறங்கட்டும். முதலில் பெடலைத் தொடாமலே பிளீடரைத் திறந்து பத்து நிமிடம் சொட்ட விடுங்கள், தொட்டியை வற்றவிடாமல். பாதிக் காற்று அதிலேயே போய்விடும். பிறகு இருவர் வேலை:

“அண்ணே, மெதுவா அமுக்குங்க.”
“அமுக்கிட்டேன்.”
“அப்படியே புடிங்க.” பிளீடர் அரைச் சுற்றுத் திறக்கிறது, குமிழி ஓடுகிறது, மூடுகிறது. “இப்ப விடுங்க.”

மூடிய பிறகுதான் “விடுங்க”. வரிசை மாறினால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே. வேகமாக மிதித்தால் காற்று பொடிக் குமிழிகளாக ஆயிலில் கலந்து, வெளியேற மறுக்கும். மெதுவாக 10, 15 முறை. நாலைந்து முறைக்கு ஒருதரம் தொட்டியைப் பாருங்கள்.

இன்னும் மெத்தென்று இருந்தால், லோயரை பைப்போடு சேர்த்து இறக்கி, பைப் சேரும் துளை உச்சியில் வரும்படி பிடித்து, புஷ்ராடைக் கையால் மெல்ல உள்ளே தள்ளுங்கள். சிக்கிய காற்று தொட்டிக்கு ஏறிவிடும். அல்லது 50 மி.லி. ஊசிக் குழாயில் ஆயில் ஏற்றி, பிளீடர் வழியாகக் கீழிருந்து மேலே தள்ளுங்கள். காற்றுக்கு மேலே போவதுதான் இயல்பு, நாமும் அந்தத் திசையிலேயே அனுப்புகிறோம். தொட்டி வழிந்துவிடாமல் முதலிலேயே பாதி உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

எத்தனை எடுத்தாலும் காற்று தீரவில்லையா? பிளீடர் கீழே பார்த்தபடி லோயரைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். பிளீடர் எப்போதும் உச்சியில்.

அட்ஜஸ்ட் செய்வது, கடைசியாக

காற்று இருக்கும்போது ராடை நீட்டிச் சமாளிப்பதுதான் ஸ்லிப்புக்கு வித்து. ஏர் முழுசாகப் போனபின் மட்டுமே அட்ஜஸ்ட்.

மேலே, பெடலில்: கையால் அமுக்கும்போது அப்பர் பிஸ்டனைத் தொடும்வரை பெடல் நுனியில் 1 முதல் 5 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். லாக் நட்டைத் தளர்த்தி, கம்பியைத் திருப்பி, மறுபடி இறுக்குங்கள். சுழியம் ஆட்டம் ஒருபோதும் வேண்டாம்.

கீழே, லோயரில்: பெரும்பாலான லோயர்களுக்குள் ஒரு ஸ்பிரிங் ராடை எப்போதும் ஃபோர்க்கோடு ஒட்டியே வைத்திருக்கும், அதில் அட்ஜஸ்ட் செய்ய எதுவும் இல்லை. அதற்கு வெளியே ரிட்டர்ன் ஸ்பிரிங் மாட்டுவது தப்பு. மரையும் லாக் நட்டும் உள்ள பழைய வகை ராடில், வெளி ஸ்பிரிங் ஃபோர்க்கை இழுத்த நிலையில் நுனியில் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். பிளேட் தேயும்போது இந்த இடைவெளி அதிகமாகாது, குறையும். அதனால் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

லோயருக்குச் சம்பந்தமில்லாதவை

மிதித்தால் மட்டும் ‘கர்ர்’ சத்தம் என்றால் ரிலீஸ் பேரிங். விட்டால் சத்தம், மிதித்தால் நின்றுவிடுகிறது என்றால் பெட்டியின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். பெடல் மட்டும் வரவரக் கனக்கிறது என்றால் பிரஷர் பிளேட்டும் ஃபோர்க் பிவட்டும்.

பெல் ஹவுசிங்குக்குள் லோயர் உள்ள வண்டியில், ஹவுசிங்கின் அடியிலிருந்து பிரேக் ஆயில் சொட்டினால் பெட்டியை இறக்கியே ஆக வேண்டும். இறக்கும் கூலியே பெரிது. கிளட்ச் செட்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள். புதியதை மாட்டும் முன் கையால் அமுக்கி விளையாடக் கூடாது, பெட்டி ஏறும்வரை பெடலையும் மிதிக்கக் கூடாது.

ஊரைவிட்டுக் கிளம்பும் முன்

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள், வண்டி 500 கி.மீ.தான் ஓடியிருந்தாலும். வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடம், பதினைந்து நாளுக்கு ஒருதரம் எஞ்சினைப் போட்டு, கிளட்சை இருபது முறை முழுசாக மிதித்து, வண்டியை முன்னும் பின்னும் நாலடி நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள். தொட்டியின் வெளிப்பக்கத்தில் இன்றைய ஆயில் மட்டத்துக்கு மார்க்கரால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கினால் உடனே போன் செய்யச் சொல்லிவிடுங்கள்.